டைகரும் சிமெண்ட் புலியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பங்குனி மாதம் எங்கள் மாந்தோப்பு ஓரத்தில் ஒரு சிமெண்ட் புலியைக் கொண்டுவந்து இறக்கினோம். வீடு காவேரிப்பட்டணத்துக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில், நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பும் மண் பாதையில் இருக்கிறது. தோப்பு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம், பன்னிரண்டு சென்ட், ஏழு மரம், அவ்வளவுதான். அந்தப் புலியைப் பார்த்து எங்கள் வீட்டு நாய் என்ன செய்தது என்று பால் ஊற்ற வருகிறவரில் தொடங்கி ஓசூரில் இருக்கும் சித்தி மகள் வரை எல்லோரும் கேட்டாகிவிட்டது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. இனி கேட்பவர்கள் இதைப் படித்துக்கொள்ளட்டும்.

இதில் யார் டைகர், யார் புலி?

டைகர் என்பது நாய். நாட்டு நாய்தான், செம்மண் நிறம், இடது காது பாதியில் மடிந்திருக்கும், வயது ஐந்து. புலிக்குப் பெயர் இல்லை. மகன் ஏதோ ஒரு சினிமாப் பெயர் வைத்துப் பார்த்தான், ஒட்டவில்லை. "டைகர் டைகரைப் பார்த்துப் பயந்துச்சா?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொண்டவர்கள் இதுவரை பதினோரு பேர், பன்னிரண்டாவது ஆளாக நீங்கள் வர வேண்டாம். பூனையின் பெயர் சின்னி. கோழிகளுக்குப் பெயர் வைப்பதில்லை, குழம்பு வைக்கிற நாளில் சங்கடம்.

வீட்டுத் தோட்டத்தில் எதற்குப் புலி? மான், அன்னம், கொக்கு எதுவும் கிடைக்கவில்லையா?

எல்லாம் கிடைத்தது. நெடுஞ்சாலை ஓரத்துக் கடையில் அன்னத்தை ஜோடியாகவே தருகிறேன் என்றார்கள். ஆனால் பிரச்சினை குரங்கு. மா பிஞ்சு விட்ட நேரத்தில் நாட்டுக்குரங்குக் கூட்டம் வந்தால் தின்பது கொஞ்சம், கடித்துப் போடுவதுதான் நிறைய. பெங்களூரா மாமரம் ஒன்றில் ஒரே காலையில் அரைக் கூடை பிஞ்சு தரையில் கிடந்தது. கர்நாடகத்தில் விவசாயிகள் புலி பொம்மை வைத்துக் குரங்கு விரட்டுகிறார்கள், ஷிமோகா பக்கம் ஒருவர் 2019-ல் தன் நாய்க்கே கோடு போட்டுப் புலியாக்கித் தோட்டத்தில் விட்டார் என்ற செய்தி மனதில் இருந்தது. டைகருக்குச் சாயம் பூசுவதைவிடச் சிமெண்ட் புலி வாங்குவது மேல் என்று பட்டது. 4,500 சொன்னார், 3,800-க்கு முடிந்தது. புலி எங்கள் வீட்டுக்கு வந்தது குட்டியானையில், அந்த வண்டியின் பெயரை நினைத்து இறக்கி முடிக்கும் வரை மகன் சிரித்துக்கொண்டிருந்தான்.

முதல் நாள் நாய் என்ன செய்தது?

வண்டி வந்தபோது அது வீட்டின் பின்பக்கம் படுத்திருந்தது. நாலு பேர் சேர்ந்து புலியை இறக்கி, இரண்டாவது மரத்துக்கும் துளசி மாடத்துக்கும் நடுவில் நிறுத்தி, டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். அதற்கப்புறம்தான் டைகர் நிதானமாகச் சோம்பல் முறித்துக்கொண்டு முன்பக்கம் வந்தது.

மூலையைத் திரும்பியதும் அப்படியே நின்றுவிட்டது. முன்னங்கால் ஒன்று தூக்கினபடியே அந்தரத்தில் இருந்தது. கழுத்திலிருந்து வால் அடி வரை முதுகு மயிர் நட்டுக்கொண்டது, வயலில் நாற்று நிற்பதுபோல. குரைக்கவில்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம். தொண்டைக்குள்ளேயே ஒரு உறுமல், பம்புசெட் தூரத்தில் ஓடுகிற மாதிரி. சுமார் ஒரு நிமிடம் அப்படி நின்றிருக்கும். அப்புறம்தான் குரைப்பு, அதுவும் இரண்டு அடி பின்னால் போய், குரைத்து, ஒரு அடி முன்னால் வந்து, மறுபடி பின்னால் போய். முன்னங்கால் சண்டைக்குப் போகிறது, பின்னங்கால் வீட்டுக்குப் போகிறது, நடுவில் உடம்பு மட்டும் எங்கே போவது என்று தெரியாமல் இழுபடுகிறது.

அம்மா திண்ணையிலிருந்து, "ஏண்டா டைகர், அது கல்லுடா, வாடா இங்க" என்றார். அது அம்மாவையும் பார்த்தது, புலியையும் பார்த்தது. பிறகு நேராகப் போகாமல், வேலியை ஒட்டிப் பெரிய அரைவட்டம் போட்டுக் காற்று அடிக்கிற திசைக்கு எதிர்ப்பக்கம் போனது. புலியைத் தாண்டி வருகிற காற்று அங்கேதான் தன் மூக்குக்கு வரும் என்று அதற்குத் தெரியும். போய் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. அந்த நிமிடத்திலிருந்து குரைப்பு பாதியாகிவிட்டது.

அது புலி என்று நாய்க்குத் தெரிந்ததா?

இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள், இதற்குத்தான் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் டைகர் பிறந்ததிலிருந்து புலியைப் பார்த்ததில்லை, அதன் அம்மாவும் பார்த்திருக்காது. அதற்குத் தெரிந்தது இவ்வளவுதான்: நேற்று காலியாக இருந்த இடத்தில் இன்று நாலு கால், ஒரு தலை, இரண்டு கண்ணோடு பெரிதாக ஏதோ நிற்கிறது, நம்மைப் பார்க்கிறது, அசையவே மாட்டேன் என்கிறது. உயிருள்ள எதுவும் அப்படி நிற்காது, பாயப்போகிற ஒன்றைத் தவிர.

இதில் நாயின் கண் அதற்கு அவ்வளவாக உதவாது. நாய் கண்ணுக்கு நீலமும் மஞ்சளும்தான் நிறம், சிவப்பு, ஆரஞ்சு, பச்சை எல்லாம் ஒருவகை மங்கல் மஞ்சளாகக் கலந்துபோகும். நாம் 75 அடியில் நின்று தெளிவாகப் பார்ப்பதை அது 20 அடிக்கு வந்தால்தான் அதே தெளிவோடு பார்க்கும் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். அசைகிற பொருள் என்றால் சட்டென்று பிடித்துவிடும், அசையாத பொருளில்தான் தடுமாறும். கடைக்காரர் "நல்ல புலி கலர்ங்க" என்று இரண்டு கோட் அடித்துக் கொடுத்த அந்த ஆரஞ்சு, டைகருக்குக் காய்ந்த புல் நிறம். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், நிஜப் புலி பிழைப்பதே இந்தக் கணக்கில்தான். மானுக்கும் இரண்டு நிற உணரிதான், அதன் கண்ணுக்கு ஆரஞ்சுப் புலி புதரோடு புதராகிவிடும்.

ஆனால் மூக்கு வேறு கதை. மணம் பிடிக்கும் செல்கள் நமக்கு 50, 60 லட்சம் என்றால் நாய்க்கு 20 கோடிக்கு மேல். அந்த மூக்குக்கு அன்று வந்தது என்ன? சிமெண்ட், பெயிண்ட், தின்னர், குட்டியானையின் டீசல், இறக்கிய நாலு பேரின் வியர்வை, அதில் ஒருவர் சட்டைப்பையில் வைத்திருந்த பீடி. வியர்வை இருக்கிறது, அது ஆட்களுடையது. விலங்கின் வாசனை ஒரு துளி இல்லை. மூச்சு வாசனை இல்லை, சிறுநீர் வாசனை இல்லை, ரோமத்தின் வாசனை இல்லை. ஆகவே விலங்கே இல்லை. எனக்குத் தெரிந்தவரை டைகர் அதைப் புலி என்றும் நினைக்கவில்லை, போலிப் புலி என்றும் நினைக்கவில்லை. 'போலி' என்பது நம் கண்ணுக்கு வருகிற பிரச்சினை. அதற்கு அது ஒரு புதுச் சுவர், கொஞ்சம் விநோதமான வடிவத்தில்.

முதுகு மயிர் சிலிர்த்தால் கோபம் என்றுதானே அர்த்தம்?

அப்படி இல்லை. நமக்குப் புல்லரிப்பதுபோல அதுவும் தானாக நடப்பது, நாய் நினைத்து மயிரை நிறுத்துவதில்லை. பயம், கோபம், அதிர்ச்சி, சில சமயம் வெறும் ஆர்வம், எதில் வேண்டுமானாலும் சிலிர்க்கும். மயிரை மட்டும் பார்க்காமல் உடம்பின் கனம் எந்தக் காலில் இருக்கிறது என்று பாருங்கள். பின்னங்காலில் இருந்தால் அது ஓட நினைக்கிறது, அப்போது பக்கத்தில் போய் இழுக்கக் கூடாது.

நேராகப் புலியின் பின்பக்கம் போய் மோந்ததாமே?

ஆமாம். இரண்டாம் நாள் காலை, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு. நான் ஜன்னலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

நாய்கள் ஒன்றையொன்று பார்த்ததும் வால் அடியில்தான் மோந்து விசாரிக்கும், அங்கே இருக்கும் சுரப்பிகளின் வாசனையில் எதிராளி ஆணா பெண்ணா, தெரிந்தவனா புதியவனா எல்லாம் கிடைத்துவிடும். நாம் "எந்த ஊருங்க?" என்று கேட்பதுபோல. டைகர் கழுத்தை நீட்டி, கால் நான்கையும் முடிந்தவரை பின்னால் வைத்துக்கொண்டு, மூக்கை மட்டும் அங்கே கொண்டுபோனது. மோந்தது. இன்னொரு தடவை மோந்தது. பிறகு ஒரு தும்மல் தும்மிவிட்டு, புலியின் முகத்தை எட்டிப் பார்த்தது. ஊர் பெயர் கேட்டும் பதில் சொல்லாமல் நிற்கிற ஆளை நம் ஊர்ப் பெரியவர்கள் பார்க்கிற பார்வை அது.

வால் தூக்கியிருக்கும் சிலை வாங்கக் கூடாது என்று ஒருவர் சொன்னார். உண்மையா?

அவர் எதை வைத்துச் சொன்னாரோ, விஷயம் இருக்கிறது. கனடாவில் நாய் அளவுக்கு ஒரு பொம்மை நாய் செய்து, வாலை மட்டும் தூரத்திலிருந்து ஆட்டும்படி வைத்து, பூங்காவுக்கு வரும் நாய்கள் என்ன செய்கின்றன என்று பார்த்தார்கள், 2008-ல் வெளியானது. நீளவால் ஆடினால் பெரிய நாய்கள் தயக்கமில்லாமல் கிட்டே வந்தன, அதே நீளவால் ஆடாமல் நட்டுக்கொண்டு நின்றால் தயங்கின. குட்டைவால் ஆடினாலும் ஆடாவிட்டாலும் வித்தியாசம் இல்லை. சின்ன நாய்கள் எல்லாவற்றுக்கும் பயந்தன.

எங்கள் புலியின் வால் நட்டுக்கொண்டுதான் இருக்கிறது, உள்ளே கம்பி. நாய் மொழியில் அது நல்ல வார்த்தை இல்லை. வீட்டில் பயந்த சுபாவமுள்ள நாய் இருந்தால் படுத்திருக்கும் சிலையாகப் பாருங்கள், அதுவும் கண் நாய்க்கு நேர் மட்டத்தில் முறைக்காமல் இருந்தால் இன்னும் நல்லது.

பழக எத்தனை நாள் ஆனது? நீங்கள் என்ன செய்தீர்கள்?

ஆறு நாள். முதல் நாள் நாங்கள் செய்தது முழுக்கத் தப்பு. மகன் கழுத்துப்பட்டையைப் பிடித்துப் புலி அருகே இழுத்துப் போனான், "பாரு, ஒண்ணுமில்லை" என்று காட்ட. நாய்க்கு அது எப்படிப் பட்டிருக்கும் என்றால், பயப்படுகிற பொருளிடம் நம்ம ஆளே பிடித்துக் கொடுக்கிறான். அன்று ராத்திரி சாப்பாட்டைக்கூட அந்தப் பக்கம் திரும்பிச் சாப்பிடவில்லை.

மறுநாளிலிருந்து முறையை மாற்றினோம். புலியிலிருந்து முப்பது அடியில் அதன் தட்டை வைத்தோம், அது உறுத்தலில்லாமல் சாப்பிட்ட தூரம் அது. தினமும் நாலைந்து அடி முன்னால் நகர்த்தினோம். தானாக மோந்து பார்க்கப் போனால் கூப்பிடவும் இல்லை, பாராட்டிக் கத்தவும் இல்லை, விட்டுவிட்டோம். திரும்பி வந்த பிறகு ஒரு துண்டு வேகவைத்த ஈரல். நாங்கள் புலியை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் அதன்மேல் துண்டு காயப்போட்டது ரொம்ப உதவியது என்று நினைக்கிறேன். ஐந்தாம் நாள் கோடு எல்லாம் மறையும் அளவுக்கு என் வேட்டியும் அம்மாவின் புடவையும் அதன்மேல் காய்ந்தன. எங்கள் வாசனை ஏறியதும் புலி வீட்டுச் சாமானாகிவிட்டது.

குட்டி நாயாக இருந்தால் இதைவிடச் சுலபம். பிறந்து மூன்றாவது வாரத்திலிருந்து 12, 14 வாரம் வரை அது பார்க்கிற எல்லாமே "உலகம் இப்படித்தான்" என்று மனதில் ஏறும். அதற்குப் பிறகு பார்க்கிற புதுச் சாமானுக்குத்தான் விசாரணை.

பூனை?

சின்னிக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. மதில்மேல் உட்கார்ந்து இறக்குவதை முழுக்கப் பார்த்தது. சாயங்காலம் இறங்கி வந்தது, புலியின் முன்னங்காலில் கன்னத்தை இந்தப் பக்கம் ஒரு தேய், அந்தப் பக்கம் ஒரு தேய். பூனையின் கன்னத்தில் வாசனைச் சுரப்பி இருக்கிறது, தேய்த்தால் "இது என்னுடையது" என்று எழுதி வைத்த மாதிரி. பட்டா மாற்றுவதற்கு நாம் எத்தனை நாள் அலைகிறோம், இது பத்து வினாடியில் முடித்துவிட்டது. இப்போது புலியின் முதுகுதான் சின்னியின் வெயில் காயும் இடம், மார்கழிக்கு இன்னும் வசதியாக இருக்கும்.

கோழி, மாடு?

கோழிக்கு நிறம் பார்க்கும் உணரி நம்மைவிட ஒன்று அதிகம், ஆகவே ஆரஞ்சை முழுசாகப் பார்த்தது அதுதான். பார்த்து, தரையில் வரும் ஆபத்துக்குக் கொடுக்கும் அந்த "கொக்கொக்கொக்" சத்தத்தை இரண்டு மணி நேரம் விடாமல் கொடுத்தது (பருந்துக்கு வேறு சத்தம், அது ஒரே இழுப்பு). மதியம் புலியின் காலடியில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. மாடு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

குரங்கு போனதா இல்லையா, அதைச் சொல்லுங்கள்.

எட்டு நாள் போயிருந்தது. குரங்குக்கு நம்மைப் போலவே மூன்று நிற உணரி, அதனால் ஆரஞ்சு நன்றாகவே தெரியும், முதல் நாள் வேலிக்கு வெளியே புளியமரத்திலேயே நின்று கத்தின. மூன்றாம் நாள் மதில் வரை வந்தன. ஏழாம் நாள் ஒரு குட்டி கீழே இறங்கி வாலைத் தொட்டுவிட்டு ஓடியது. ஒன்பதாம் நாள் பெரிய கடுவன் ஒன்று புலியின் தலைமேல் உட்கார்ந்து நீலம் மாம்பிஞ்சைக் கடித்துக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன்.

அசையாத பொம்மை எதுவானாலும் இப்படித்தான் முடியும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இடம் மாற்றினால் கொஞ்சம் தாங்கும், அதனால்தான் கர்நாடகத்தில் துணி பொம்மை வைக்கிறார்கள், ஒரு கையில் தூக்கிவிடலாம். எங்களுடையதை நகர்த்த நாலு ஆள் வேண்டும். இன்னொன்றும் பிறகுதான் தெரிந்தது: 2000-ல் வந்த ஒரு ஆய்வில் தென்னிந்தியக் காட்டு நாட்டுக்குரங்குகளுக்குச் சிறுத்தை பொம்மை காட்டியிருக்கிறார்கள், கறுப்புச் சிறுத்தையைவிடப் புள்ளிச் சிறுத்தையைக் கண்டுதான் அதிகம் மிரண்டிருக்கின்றன. அவற்றுக்குப் பரம்பரைப் பகை சிறுத்தையோடு. நான் கோட்டுக்குப் பதில் புள்ளி போட்டதை வாங்கியிருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. பொம்மைக்குப் பயப்படவில்லை என்று நாயைக் குரங்கின்மேல் ஏவாதீர்கள். கூட்டமாக இருக்கும் குரங்கு நாயைக் கிழித்துவிடும். மனிதரைக் கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரி போய் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும், குரங்குக் கடி என்று அலட்சியமாக இருக்கக் கூடாது. நாய்க்கும் வருடா வருடம் அந்த ஊசி தவறக் கூடாது.

புதுச் சிலையை நாய் நக்குகிறது. ஆபத்தா?

சிலை எப்போது வார்த்தது என்று கடையில் கேளுங்கள். ஈரம் காயாத சிமெண்ட் கடும் காரம், pH 12, 13 வரை போகும், நாக்கையும் பாதத்தையும் புண்ணாக்கும். நன்றாகத் தண்ணீர் காட்டி, நாலு வாரம் ஆன சிலை என்றால் பயமில்லை. பெயிண்ட்தான் அடுத்த கவலை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்று 2017 நவம்பரிலிருந்து சட்டம் இருக்கிறது, ஆனால் கடை ஓரத்தில் பழைய டப்பாவில் கலந்து அடிப்பதை யார் பார்த்தது? டப்பாவைக் கேட்டுப் பாருங்கள், காட்டத் தயங்கினால் பூசாத சிலையாக வாங்கி நீங்களே அடியுங்கள், வாசனை போகும் வரை சாக்கு போட்டு மூடிவையுங்கள்.

நாய் மேல் பெயிண்ட் ஒட்டிவிட்டால் மண்ணெண்ணெயோ தின்னரோ தொடவே தொடாதீர்கள். சமையல் எண்ணெய் தேய்த்துச் சோப்பு போடுங்கள், போகாவிட்டால் அந்த மயிரைக் கத்தரித்துவிடுங்கள். பூனைக்கு இன்னும் கவனம், அது எல்லாவற்றையும் நக்கியே சுத்தம் செய்யும்.

சிலைமேல் காலைத் தூக்கியதா?

ஏழாம் நாளிலிருந்து, தினமும், பின்னங்காலில், காலை ஆறரைக்கு. தண்ணீர் ஊற்றிவிடுகிறோம். திட்டிப் பயன் இல்லை, அது கையெழுத்துப் போடுகிறது.

பழகிய பிறகும் ராத்திரியில் குரைத்ததாமே?

அது கண்ணால் வந்த வினை. சிலையின் கண் இரண்டும் கோலிகுண்டு, பச்சை. பகலில் ஒன்றும் தெரியாது. பாதையில் யாராவது பைக்கில் திரும்பினால் வெளிச்சம் பட்டுப் பளிச்சென்று மின்னும். ராத்திரியில் கண் மின்னுவது என்றால் நாய்க்கு அது நிச்சயம் உயிருள்ளதுதான், பூனை, நரி, மாடு எல்லாவற்றுக்கும் கண்ணின் பின்னால் ஒளியைத் திருப்பி அடிக்கும் படலம் உண்டு, டைகருக்கே உண்டு.

அம்மா வேறு காரணம் வைத்திருந்தார். கோயில் சிலைக்குக் கடைசியாகத்தான் கண் திறப்பார்கள், அதற்கு நேரம் காலம் பார்ப்பார்கள், இதற்கு எவன் எந்த நேரத்தில் கண் வைத்தானோ என்று. கடையில் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பையன் பசையில் ஒட்டியதை நான் பார்த்தேன், சொல்லவில்லை. கோலிகுண்டுமேல் கறுப்புப் பெயிண்ட் ஒரு பொட்டு வைத்தேன். பைக் போனால் இப்போது மின்னுவதில்லை, அம்மாவும் திருப்தி, டைகரும் திருப்தி.

"கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம்" என்பது இதைத்தானே சொல்கிறது?

அந்தப் பழமொழியைத் தெருநாயை அடிக்கக் கல் தேடுவதாகப் பலர் சொல்வார்கள். பெரியவர்கள் சொல்லும் விளக்கம் கல்லில் செதுக்கிய நாயைப் பற்றியது: நாய் என்று பார்த்தால் கல் மறைந்துவிடும், கல் என்று பார்த்தால் நாய் மறைந்துவிடும். அழகான பேச்சுதான். ஆனால் அது கண்ணை நம்புகிற நமக்கான பழமொழி. ஒன்பது மாதமாகத் தினமும் பார்க்கிற எனக்கே விடிகாலையில் அந்த உருவம் ஒரு கணம் 'சிலீர்' என்கிறது, அறிவுக்குத் தெரிந்தும். டைகர் ஆறு நாளில் விசாரித்து முடித்துக் கோப்பை மூடிவிட்டது.

புலிக்கு வைத்தீர்கள், காவல் காக்கிற நாய்க்கு ஒரு சிலை வைத்திருக்கலாமே?

நம் பக்கத்தில் அதை 1,400 வருடத்துக்கு முன்பே செய்துவிட்டார்கள். ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை தாண்டிப் போனால் செங்கம், அந்த வட்டாரத்தில் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது, வட்டெழுத்து. எருமைகளைக் காக்கப் போய் மாண்ட வீரனுக்கு நட்ட கல், அதில் அவனோடு அவன் நாயும் நிற்கிறது. கள்ளரைக் கடித்துக் காத்து நின்றதாக எழுதி, நாயின் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள்: கோவிவன். தருமபுரி, கிருஷ்ணகிரி முழுக்க நடுகல்தான், தருமபுரி அகழ்வைப்பகத்தில் வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள், புலியோடு சண்டையிட்டு மாண்டவர்களுக்கு நட்ட புலிக்குத்திக் கல்லும் நம் பக்கத்தில் ஏராளம். அந்தக் கற்களில் எல்லாம் புலிக்குப் பெயர் கிடையாது, கோவிவனுக்கு இருக்கிறது. எங்கள் வீட்டிலும் அதே நிலவரம்தான் என்பதை இதை எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.

ஆவணியில் மறுபடி புலியைப் பார்த்துக் குரைத்ததே, பழக்கம் விட்டுப்போயிற்றா?

இல்லை, அந்தத் தப்பை நாங்கள்தான் செய்தோம். நாலு மாதம் புலியைச் சட்டை செய்யாமல் அதன் நிழலில் தூங்கின நாய், மழை பெய்த ஒரு வாரத்துக்கு அப்புறம் திடீரென்று அதைச் சுற்றிச் சுற்றி வந்து குரைக்க ஆரம்பித்தது. நாங்கள் சிரித்தோம். "இப்பதான் புலின்னு தெரிஞ்சுதா உனக்கு?" என்று மகன் கேட்டான். பக்கத்து வீட்டு அக்கா மந்திரிக்கச் சொன்னார். இரண்டு நாள் இப்படியே.

மூன்றாம் நாள்தான் நான் அது எங்கே பார்க்கிறது என்று உட்கார்ந்து பார்த்தேன். முகத்தைப் பார்க்கவில்லை, வாலைப் பார்க்கவில்லை. வயிற்றுக்கு அடியில், தரையோடு மூக்கை வைத்து, ஒரே இடத்தில். இந்தச் சிலைகள் முழுக்கச் சிமெண்ட் இல்லை, உள்ளே கூடு, அச்சில் இரண்டு பாதியாக வார்த்து ஒட்டியிருப்பார்கள், அடியில் கை நுழைகிற ஓட்டை இருக்கும். டார்ச் அடித்தேன். மஞ்சள் பழுப்பில், என் கட்டைவிரலைவிடத் தடிமனாக, சுருண்டு கிடந்தது. சாரை. விஷமில்லாததுதான், ஆனாலும் என் கால் தரையில் நிற்கவில்லை. நாயைக் கட்டிவிட்டு எல்லோரும் உள்ளே வந்துவிட்டோம், ஒரு மணி நேரத்தில் அது தானாக வாய்க்கால் பக்கம் போய்விட்டது. போகாமல் இருந்தாலோ வேறு பாம்பாக இருந்தாலோ தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள், ஆள் வந்து பிடிப்பார்கள், நீங்கள் குச்சி விட்டு வீரம் காட்ட வேண்டாம்.

அன்று சாயங்காலமே அடி ஓட்டையைச் செங்கல் துண்டும் சிமெண்டும் வைத்து அடைத்தேன். வாங்கும்போதே செய்திருக்க வேண்டிய வேலை. டைகருக்கு ஈரல் முழுசாக, துண்டு போடாமல். பழகின பொருளைப் பார்த்து நாய் மறுபடி குரைத்தால், பொருளைப் பார்க்காதீர்கள், மூக்கு எங்கே போகிறது என்று பாருங்கள்.

சிலை எந்தத் திசை பார்க்க வேண்டும்?

வாஸ்து எனக்குத் தெரியாது. சாயாத மாதிரி பீடம் கட்டுங்கள், நாயும் குழந்தையும் முட்டிக்கொள்ளாத இடமாகப் பாருங்கள். எங்களுடையது நெடுஞ்சாலையைப் பார்க்கிறது, வண்டி அப்படி நின்றதால்.

எங்கள் தோப்பிலும் குரங்குத் தொல்லை. ஒரு வாரம் புலியை இரவல் தருவீர்களா?

தாராளமாக. தூக்க நாலு ஆளும் குட்டியானை வாடகையும் உங்களுடையது, எட்டு நாளுக்குமேல் எதிர்பார்க்காதீர்கள். பகல் இரண்டு மணியிலிருந்து நாலு வரை மட்டும் வண்டி கொண்டுவர வேண்டாம், அந்த நேரம் அதன் நிழலில் டைகர் தூங்கும்.